ஆகாயத்தின் கணக்கு

திருவிழா முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை எழுதிக் கோவில் வாசலில் ஒட்டுகிறோம். ஏன்? பணம் பொதுப் பணம். ஆகவே கணக்கும் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஆகாயமும் நம் எல்லோருக்கும் பொதுவாக ஒப்படைக்கப்பட்ட சொத்து. அதற்கும் கணக்கு உண்டா? உண்டு. அந்தக் கணக்கை மறைக்காமல் வைத்ததால் உலகம் பெற்ற நன்மை ஒன்றை இவ்வாரம் அறிந்துகொள்வோம்.

1. ஓசோன் என்றால் என்ன?

பூமிக்கு மேலே ஏறக்குறைய 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் என்னும் வாயு பரவியிருக்கிறது. ஆகாயத்திலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால் சுமார் 3 மில்லிமீட்டர் கனமே இருக்கும். இந்த மெல்லிய போர்வைதான் சூரியனின் தீய புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அது தேய்ந்தால் தோலில் புற்றுநோயும் கண்ணில் புரையும் பெருகும். பயிர்களுக்கும் தீங்கு நேரும்.

2. கணக்கை எழுதியவர் யார்?

1957-58ல் சர்வதேச புவி பௌதிக ஆண்டு நடைபெற்றது. அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் பகைத்து நின்ற காலம் அது. ஆயினும் இரு தேசங்களுமே உலகின் அளவுக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் நிலையங்களை அமைத்து, யாவருக்கும் கொடுக்க இசைந்தன. நம் கோடைக்கானலிலும் 1957 முதல் ஓசோன் அளக்கப்பட்டது. தென் துருவப் பனிக்கண்டத்தில் ஹேலி என்னுமிடத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் சலிக்காமல் அளந்து எழுதி வந்தார்கள். மாறாத ஒன்றை எதற்காக அளக்க வேண்டும் என்று எவரும் கேட்டிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை.

3. கணக்கு என்ன காட்டியது?

1985ல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூவர் அக்குறிப்புகளை வெளியிட்டார்கள். அக்டோபர் மாதத்து ஓசோன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது! அமெரிக்கச் செயற்கைக்கோளின் பதிவுகளை ஆராய்ந்தபோது அங்கும் அதே குறைவு தெரிந்தது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த குளோரோஃப்ளோரோ கார்பன் என்னும் வாயுக்கள் ஓசோனை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974லேயே எச்சரித்திருந்தார்கள். இப்போது அளவும் சாட்சி சொல்லிற்று. 1987ல் மான்ட்ரீல் நகரில் உடன்படிக்கை உண்டாயிற்று. பிற்பாடு உலக தேசங்கள் யாவும் அதை ஏற்றன.

4. வாக்கு மீறப்பட்டால்?

2010க்குப் பின் அவ்வாயுக்களில் ஒன்றான சி.எப்.சி.-11 உற்பத்தி உலகெங்கும் நின்றுவிட்டதாகக் கருதப்பட்டது. ஆனால் அது ஆகாயத்தில் குறையவேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று 2018ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். யாரோ திருட்டுத்தனமாக அதைச் செய்கிறார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. எங்கே? கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள நிலையங்களின் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கணிசமான பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவது 2019ல் புலப்பட்டது. அதன்பின் அந்த வாயு வெளிவருவது வெகுவாகக் குறைந்தது. திறந்து வைத்த கணக்கே குற்றத்தைக் காட்டிக் கொடுத்தது.

காயம் இன்னும் ஆறவில்லை. உடன்படிக்கை காக்கப்பட்டால், தென் துருவத்தின்மேல் ஓசோன் 2066 வாக்கில் 1980ன் நிலையை அடையும் என்று நிபுணர்கள் 2022ல் மதிப்பிட்டார்கள். அதுவரை அளப்பதையும் நிறுத்தலாகாது. அளந்ததை ஒளிக்கவும் கூடாது.

5. நமக்கு என்ன பாடம்?

பொதுச் சொத்தைக் காப்பவனுக்கு மூன்று கடமைகள் உண்டு: உண்மையாய் அளப்பது, தவறாமல் எழுதுவது, மறைக்காமல் காட்டுவது. இவற்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் பிரயோசனப்படா. பெட்டியில் பூட்டிய கணக்கு எவரையும் காப்பாற்றாது. நம் தெருக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து, பெரியோர் துணையுடன் பலர் பார்க்கும் சுவரில் எழுதி வைக்கலாம். கோடை வருமுன்னே ஊர் விழித்துக்கொள்ளும்.

வீட்டில் பேசுவதற்கு:

ஹேலி நிலையத்தார் இடையில் அளப்பதை விட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

பகைவருக்கும் கணக்கைக் காட்டுவது ஏன் நல்லது?

நம் ஊரில் அளந்து எழுதப்படாத பொதுச் சொத்து எது?