கொற்கை காண்போம்

உரோமாபுரியைக் காணச் செல்வோர், அங்குள்ள இடிந்த தூண்களையும் வியந்து நோக்குவர். அவற்றின் வரலாற்றை முன்னரே கற்றமையால் அவ்வியப்புத் தோன்றுகின்றது. மாணவர்களே! தூத்துக்குடிக்குத் தெற்கே ஏரலுக்கு அண்மையிலுள்ள கொற்கையையும் அவ்வாறே கற்றுச் சென்று காணுங்கள்.

பாண்டியரின் பழந்துறைமுகமாகிய கொற்கையில் நடைபெற்ற முத்துக்குளிப்பை, கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்புளூசு' என்னும் நூல் குறிப்பிடுகின்றது. தண்டனை பெற்ற குற்றவாளிகளே அத்தொழிலில் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் அந்நூல் கூறும். இன்றோ, அங்கே அலையோசை இல்லை. பொருநையாறு கொணர்ந்த வண்டல் படியப் படியக் கடல் விலகிச் சென்றது. மரக்கலம் நின்ற துறை வயலாயிற்று. 1968-69ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அகழாய்வில் எழுத்துப் பொறித்த பானையோடுகள் அம்மண்ணிலிருந்து வெளிப்பட்டன.

காலையில் கொற்கையின் தொன்மையான வன்னிமரத்தையும் கோயில்களையும் காணலாம். நண்பகலில் ஆற்றின் மேற்புறமாக ஆதிச்சநல்லூர் சென்று, புதைந்த நிலையிலேயே காட்டப்படும் முதுமக்கள் தாழிகளைக் காணலாம். கொற்கைக்குப் பின்னர்க் காயலும், அதன் பின்னர்த் தூத்துக்குடியும் துறைமுகங்களாகச் சிறந்தன. ஆதலின், மாலையில் தூத்துக்குடிக் கடற்கரையில் பயணத்தை முடித்தல் பொருந்தும்.

வரப்பிடையே சங்கின் துண்டொன்றைக் கண்டு, 'ஈண்டுக் கடல் இருந்தது' என உணர வல்லவனே கொற்கையைக் கண்டவன். ஏனையோன் வயலை மட்டுமே கண்டு மீள்வான்.