ஏப்ரல் 9இல் தூக்கிலிடப்பட்ட அதிகாரி துரோகியா?

கேள்வி: உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஏப்ரல் 9 என்றால் 1942இல் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட நாள். சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் பற்றி எரிந்த கதையை வாப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அதே ஏப்ரல் 9இல், 1945இல், ஹிட்லரை எதிர்த்த ஹான்ஸ் ஒஸ்டர் என்ற இராணுவ அதிகாரியை ஜேர்மனியில் தூக்கிலிட்டார்கள் என்று வாசித்தேன். படையெடுப்புத் திகதியை எதிரிக்குச் சொன்னவராம். வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவன் எழும்பி, "அப்ப அவர் காட்டிக் கொடுத்தவர்தானே, டீச்சர்?" என்று கேட்டான். என்ன பதில் சொல்வது?
— ஆசிரியை ஒருவர், புல்மோட்டை

பதில்: அந்தக் கேள்வியைத் தட்டிக் கழித்துவிடாதீர்கள், டீச்சர். காட்டிக் கொடுத்தவன், துரோகி என்ற சொற்களால் எத்தனை உயிர்கள் போயின என்பதை நம் நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை நிதானமான ஒரு பதிலுக்கு உரித்தானவன்.

முதலில் ஒரு திருத்தம். ஒஸ்டர் திகதியைச் சொன்னது எதிரி நாட்டுக்கு அல்ல, நெதர்லாந்துக்கு. அது எந்தப் பக்கமும் சேராமல், யாரோடும் சண்டைக்குப் போகாமல் இருந்த நடுநிலை நாடு. இதை விட்டுவிட்டால் கதையே மாறிப்போகும்.

ஒஸ்டர் 1887இல் டிரெஸ்டனில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். முதலாம் உலக யுத்தத்தில் சண்டையிட்டவர். பின்னர் இராணுவப் புலனாய்வுத் துறையில் அட்மிரல் கனாரிஸுக்குக் கீழே முக்கியப் பொறுப்பில் இருந்தார். அவரைப் பிறவி வீரராகக் காட்டாதீர்கள். 1934இல் ஹிட்லரின் ஆட்கள் இரண்டு ஜெனரல்களைச் சுட்டுக் கொன்றதும், 1938இல் ஒஸ்டரின் பழைய மேலதிகாரி ஃபிரிட்ஷ் மீது பொய்ப்பழி சுமத்தி அவரை விலக்கியதும்தான் ஒஸ்டரைப் பெரிதும் திருப்பின. முதலில் அவரைச் சுட்டது இராணுவத்தின் மானம். யூதரின் கண்ணீர் அல்ல. அந்த ஆண்டு செப்டெம்பரில் ஹிட்லரைக் கைதுசெய்யத் திட்டம் போட்டவர்களில் அவர் முன்னின்றார். பிரித்தானியாவும் பிரான்சும் மியூனிக்கில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்ததும் அந்தத் திட்டம் கலைந்தது.

1939இல் யுத்தம் தொடங்கியது. பேர்லினில் இருந்த நெதர்லாந்து இராணுவத் தூதுவர் சாஸ், ஒஸ்டரின் நண்பர். மேற்கே படையெடுக்கும் திகதியை ஒஸ்டர் அவரிடம் சொன்னார். ஹிட்லர் அதை இருபது தடவைக்கு மேல் தள்ளிப்போட்டார். ஒவ்வொரு தடவையும் புதுத் திகதி போனது. ஒவ்வொரு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. 1940 மே 9ஆம் திகதி இரவு, "நாளை விடியற்காலை" என்ற சேதி போனபோது நெதர்லாந்தில் பலர் அதை நம்பவில்லை. மறுநாள் ஜேர்மன் படை நுழைந்தது. மே 14இல் ரொட்டர்டாம் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது.

அவரது சேதியை நம்பி நெதர்லாந்து ஆயத்தமாக இருந்திருந்தால் ஜேர்மன் சிப்பாய்கள் கூடுதலாகச் செத்திருப்பார்கள். ஒஸ்டருக்கு இது தெரியும். அவர்கள் அவருடைய சொந்தப் படையினர். ஹிட்லருக்கு முதல் சண்டையிலேயே அடி விழுந்தால் யுத்தம் சீக்கிரம் முடியும், இலட்சக்கணக்கானோர் தப்புவார்கள் என்பது அவர் கணக்கு. மாணவனின் கேள்விக்குள் இருக்கும் முள் இதுதான். இதை மறைத்து அவரைத் தியாகி என்று மட்டும் சொன்னால் நாம் பிள்ளைகளை ஏமாற்றுகிறோம்.

என்றாலும் என் முடிவு, அவர் துரோகி அல்ல என்பதே. 1934 ஓகஸ்ட் 2 முதல் ஜேர்மன் சிப்பாய் சத்தியம் செய்துகொடுத்தது நாட்டுக்கோ அரசியலமைப்புக்கோ அல்ல. அடோல்ஃப் ஹிட்லர் என்ற ஒரு தனி மனிதனுக்கு. அந்த மனிதன், தனக்கு ஒரு தீங்கும் செய்யாத அயல்நாட்டைத் தாக்கக் கிளம்பும்போது, அந்தச் சத்தியத்தைக் காப்பது குற்றத்தில் பங்குபோடுவதாகும். 1942இல் 14 பேரை, பெரும்பாலும் யூதர்களை, புலனாய்வு முகவர்கள் என்று சொல்லி சுவிட்சர்லாந்துக்கு அனுப்பித் தப்பவைத்ததும் ஒஸ்டரின் துறைதான். அந்த வேலை பிடிபட்டு, 1943இல் அவர் பதவி இழந்தார்.

1944 ஜூலை 20இல் ஸ்டௌஃபன்பேர்க் என்ற இராணுவ அதிகாரி வைத்த குண்டிலிருந்து ஹிட்லர் தப்பினார். மறுநாள் ஒஸ்டர் கைதானார். கனாரிஸ், போதகர் போன்ஹோஃபர் ஆகியோருடன் அவரையும் ஃபுளோசன்பூர்க் முகாமில் அவசர அவசரமாக ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் நீதிமன்றம் ஒன்று விசாரித்து, 1945 ஏப்ரல் 9 விடியற்காலையில் தூக்கிலிட்டது. இரண்டு கிழமை கழித்து அமெரிக்கப் படை அங்கே வந்துசேர்ந்தது.

உங்கள் மாணவன் கேட்டதையே ஜேர்மன் நீதிமன்றங்களும் கேட்டன. ஜூலை 20 கிளர்ச்சியை பேர்லினில் அடக்கிய ரேமர் என்ற அதிகாரி, யுத்தம் முடிந்த பிறகும் கிளர்ச்சி செய்தவர்களைத் துரோகிகள் என்று மேடையில் பேசினார். ஃபிரிட்ஸ் பௌவர் என்ற அரச வழக்கறிஞர், நாஜிகளுக்குத் தப்பி நாடுவிட்டு ஓடித் திரும்பிய யூதர், 1952இல் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தினார். ரேமருக்கு மூன்று மாதச் சிறை. ஆனால் 1956இல், ஒஸ்டருக்கு மரணதண்டனை விதித்த நீதிபதியை உச்ச நீதிமன்றமே விடுதலை செய்தது. அன்றைய சட்டப்படிதான் அவர் நடந்தாராம். நாஜிகளின் அப்படிப்பட்ட தீர்ப்புகளை ஜேர்மன் பாராளுமன்றம் சட்டம் போட்டு இரத்துச் செய்தது 1998இல்தான். அப்போதும் 'யுத்தத் துரோகம்' என்று தண்டிக்கப்பட்ட சாதாரணச் சிப்பாய்களின் பெயர்கள் ஒட்டுமொத்தமாகத் துடைக்கப்படவில்லை. அதற்கான சட்டம் 2009 செப்டெம்பரில் வந்தது.