அம்பாசடரும் பத்மினியும்: ஓர் இயற்பியல் ஒப்பீடு
(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

இந்தியச் சாலைகளைப் பல்லாண்டுக் காலம் ஆண்ட எளிய கார்கள் இரண்டு. ஒன்று அம்பாசடர், மற்றொன்று பிரிமியர் பத்மினி. இரண்டும் நம் நாட்டில் செய்யப்பட்டவையே எனினும் பிறந்த வீடு வேறு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரே கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாசடர் ஆயிற்று. இத்தாலியின் பியட் 1100 பம்பாயின் குர்லாவில் உருவாகி, 1970களில் பத்மினி எனப் பெயர் பெற்றது.

திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளன்று மணமக்களை ஏற்றிச் செல்ல எது ஏற்றது என்று கேட்டால், பெரியவர்கள் அம்பாசடரையே சொல்வார்கள். நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இயந்திரம்

இரண்டிலும் நான்கு சிலிண்டர்கள். அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த பெட்ரோல் இயந்திரத்தின் கொள்ளளவு 1489 கன செ.மீ.; பிஸ்டனின் வீச்சு 88.9 மி.மீ. பத்மினியில் இவை 1089 கன செ.மீ., 75 மி.மீ. நிமிடத்திற்கு 3000 சுற்று, அதாவது வினாடிக்கு 50 சுற்று எனக் கொள்வோம். ஒரு சுற்றில் பிஸ்டன் இருமுறை வீச்சைக் கடக்கிறது. ஆகவே அதன் சராசரி வேகம் அம்பாசடரில் வினாடிக்கு 8.89 மீட்டர், பத்மினியில் 7.5 மீட்டர். பெரிய இயந்திரம் நிதானமாகச் சுற்றிப் பாரம் இழுக்க ஏற்றது. சிறியது துள்ளிச் சுற்ற ஏற்றது.

வில்லமைப்பு

பின்புறத்தில் இரண்டிற்கும் பட்டை வில்களே. முன்புறத்தில் அம்பாசடருக்கு முறுக்குத் தண்டு, பத்மினிக்குச் சுருள்வில். பார்வைக்கு இவை வேறு. ஆனால் சுருள்வில்லை அமுக்கும்போதும் அதன் கம்பி முறுக்கவே படுகிறது. ஆய்வகத்தில் முறுக்கு ஊசலைக் கொண்டு நாம் காணும் விறைப்புக் குணகமே இரண்டையும் ஆள்கிறது. தண்டோ, கம்பியோ, ஆரம் இருமடங்கானால் விறைப்பு பதினாறு மடங்காகும்.

பசுமலையில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். "அம்பாசடர் முன்பக்கம் தாழ்ந்து போச்சுன்னா டார்ஷன் பாரைச் சரிபண்ணித் தூக்கிடலாம் தம்பி. பத்மினிக்கு ஸ்பிரிங்கையே மாத்தணும்" என்றார். அவர் சொன்னது தொடக்க முறுக்குக் கோணத்தை மாற்றுவதுதான். சமன்பாட்டில் நாம் தீட்டா என்று எழுதுவதை அவர் ஸ்பானரால் திருப்பியிருக்கிறார்.

மறைவு

இறக்குமதிக்குத் தடையும் உற்பத்திக்கு உரிமமும் இருந்த காலத்தில் இவற்றுக்குப் போட்டி மிகக் குறைவு. வாங்குவோர் காத்திருந்தனர், வண்டிகளில் பெரிய மாற்றமில்லை. 1983 டிசம்பரில் 796 கன செ.மீ. இயந்திரத்துடன், முன்சக்கரங்களால் இயங்கும் மாருதி 800 வந்தது. நாளடைவில் பத்மினி நின்றது; 2014இல் அம்பாசடரும் நின்றது.

ஆகவே எது சிறந்தது? பாரத்திற்கும் மேடுபள்ளத்திற்கும் அம்பாசடர். நெருக்கமான நகரத் தெருவிற்குப் பத்மினி. இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்றே. இயற்கையின் விதி மாறாது. அந்த விதியைப் பயன்படுத்தும் முறை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பழுது பார்க்கும் கைகள் நம்மிடம் ஏராளமாக இருந்தன. புதிதாக வடிவமைக்கும் பணியை அந்தக் கைகளிடம் ஒப்படைக்கத்தான் தவறினோம். அறிவியல் பயிலும் நாம் அக்குறையை நீக்க முயல்வோமாக!