190 வாட் என்றால் நல்லதா?

சில ஆண்டுகளாக நம் சங்கத்துக் குடும்பங்களில் சைக்கிள் மோகம் கூடியிருக்கிறது. ஞாயிறு விடியலில் கூட்டமாகக் கிளம்புகிறவர்கள் உண்டு. பால்கனியில் டிரெயினரில் வண்டியைப் பூட்டி, நின்ற இடத்திலேயே மிதிப்பவர்களும் உண்டு. முன்பெல்லாம் "எத்தனை கிலோமீட்டர் போனாய்?" என்று கேட்டுக்கொண்டார்கள். இப்போது "எத்தனை வாட்?" என்கிறார்கள். கருவி ஓர் எண்ணைக் காட்டிவிடுகிறது. அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் குழப்பம். ரயில் என்ஜின்களின் திறனோடு நெடுநாள் பழகியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் வாட். முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் திறன். மிதிகட்டையிலோ அதன் தண்டிலோ ஒட்டிய மெல்லிய ஸ்ட்ரெயின் கேஜ், உலோகம் வளைவதை அளந்து விசையைச் சொல்கிறது. பாலங்களின் கர்டரில் நாங்கள் ஒட்டிப் பார்த்ததும் இதே ஜாதிதான். நிமிடத்துக்கு 90 சுற்றில் 200 வாட் தர, மிதிகட்டையைச் சுற்றும் திசையில் சராசரியாகப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ எடைக்குச் சமமான விசை போதும். அதே 200 வாட்டை 60 சுற்றில் தர வேண்டுமானால் பத்தொன்பது கிலோ. முழங்கால் வலிக்கிறது என்று சொல்பவர்கள் கியரைக் குறைத்து வேகமாகச் சுற்றிப் பார்க்கலாம். அளவு பிடிபட ஒரு வீட்டுக் கணக்கு: சாதாரணக் கூரை விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். ஒரு குதிரைத் திறன் 746 வாட்.

பரவலாகச் செய்யப்படும் சோதனை 20 நிமிடச் சோதனை. நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 20 நிமிடம் முழுமூச்சாக மிதித்து, சராசரி வாட்டில் 95 சதவீதம் எடுக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய திறன் அது என்று மதிப்பு. அமெரிக்க உடலியல் அறிஞர் ஆண்ட்ரூ காகனும் பயிற்சியாளர் ஹண்டர் ஆலனும் 2006-ல் வெளியிட்ட நூலால் பரவிய முறை இது, எஃப்.டி.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். ரயில்வே அன்பர்களுக்கு இது புதிதல்ல. இழுவை மோட்டாருக்குத் தொடர்ந்து தாங்கும் மின்னோட்டம் என்று ஒன்று, சில நிமிடம் மட்டும் தாங்கும் மின்னோட்டம் என்று ஒன்று குறித்திருக்கும். கர்ஜத்திலிருந்து லோனாவ்லா வரை 37-க்கு 1 என்ற ஏற்றத்தில் வண்டியை ஏற்றும் டிரைவர் இரண்டையும் குழப்பிக்கொண்டால் மோட்டார் புகைந்துவிடும். மனிதனுக்கும் அப்படியே. ஒரு நிமிடம் 400 வாட் காட்டியவர் ஒரு மணி நேரத்தில் பாதி கூடத் தராமல் போகலாம்.

வங்கியில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் தம் சோதனைத் தாளைக் கொண்டுவந்தார். வயது 46, எடை 78 கிலோ, சராசரி 190 வாட். "சார், இது நல்லதா?" என்றார். நான் சராசரியை விட்டுவிட்டு ஐந்தைந்து நிமிடமாகப் பிரிக்கச் சொன்னேன். 225, 195, 175, 165. இதயத் துடிப்போ கடைசிவரை ஏறிக்கொண்டே போயிருந்தது. ஆரம்பத்தில் அள்ளி வீசிவிட்டு, பிறகு கடனை அடைத்திருக்கிறார். இப்படிச் செய்த சோதனை உள்ளதைக் குறைத்துக் காட்டும். ஆனாலும் கணக்குப் போட்டோம்: 95 சதவீதம் 180 வாட், கிலோவுக்கு 2.3.

இந்தக் கிலோக் கணக்கு ஏற்றத்துக்கு முக்கியம், சமதளத்தில் அவ்வளவில்லை. சமதளத்தில் எதிரி காற்று. அதற்கு மொத்த வாட்டும் குனிந்து உட்காரும் விதமும்தான் கணக்கு. டூர் டி பிரான்ஸ் மலையேற்றத்தில் முன்னணி வீரர்கள் அரை மணி நேரம் கிலோவுக்கு 6 வாட்டை ஒட்டி மிதிக்கிறார்கள். அதைப் பார்த்து நம் வங்கிக்காரர் வருந்த ஒன்றுமில்லை.

வாட்டிலிருந்து ஆக்சிஜன் செலவையும் மதிப்பிடலாம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சூத்திரம் எளிது: கிலோவுக்கான வாட்டை 10.8-ஆல் பெருக்கி 7 கூட்டுங்கள். இவருக்கு 190-ஐ 78-ஆல் வகுத்துப் போட்டால் நிமிடத்துக்கு, கிலோவுக்கு 33 மில்லிலிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆவது 3.5. ஆக, ஒன்பதரை மடங்கு. அவருடைய உச்சம் இதற்குச் சற்று மேலே இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து பிழைப்பவருக்கு இது மோசமில்லை என்றேன்.

அவர் முகம் தெளியவில்லை. அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவராம். எண் நன்றாக இருந்தால் தமக்குப் பயமில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் சோதனையே செய்திருக்கிறார். இங்கே நான் கண்டிப்பாகச் சொன்னேன்: இந்த எண் என்ஜினின் இழுவையைச் சொல்லும், குழாய்க்குள் படிந்ததைச் சொல்லாது. 250 வாட் மிதிப்பவருக்கும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். குடும்பத்தில் இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முழுமூச்சுச் சோதனைக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். மிதிக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். 20 நிமிடத்தை முடித்தே தீருவேன் என்ற வீம்பு கூடாது. அவர் டாக்டரிடம் போனார். டிரெட்மில் சோதனையும் கொழுப்புப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அடுத்த சோதனை.

மூன்று மாதம் கழித்து வந்த தாள்: 192, 194, 195, 199. சராசரி 195. எடை 74. கிலோவுக்கு 2.5 என்று அவருக்குப் பூரிப்பு. பிரித்துப் பார்த்தால், உயர்வில் பெரும்பங்கு எடை குறைந்ததால் வந்தது. மீதி ஐந்து வாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல கருவிக்கே ஒன்றிரண்டு சதவீதம் பிழை உண்டு. தூக்கம், வெயில், முந்தின நாள் சாப்பாடு எல்லாம் சேரும். இம்முறை நிதானமாகவும் மிதித்திருக்கிறார். எனக்குத் திருப்தி தந்தது வேறொரு வரி. முன்பு 140 வாட்டில் அரை மணி மிதித்தால் துடிப்பு 148 இருந்தது. இப்போது அதே கருவியில், அதே மின்விசிறிக் காற்றில் 138. இதுதான் உடம்பு தேறியதற்குச் சாட்சி. (ரத்த அழுத்தத்துக்கு அடினோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பே அடங்கியிருக்கும், மாத்திரையோ அளவோ மாறினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது.)

உடற்பயிற்சிக் கூடத்துச் சைக்கிள் காட்டும் வாட்டை வீட்டு டிரெயினரின் வாட்டோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு தராசு, இரண்டு எடை.

கருவி வாங்க மனமில்லாதவர்களுக்கு மலைப்பாதை இருக்கிறது. 62 கிலோ எடையுள்ள ஒரு பெண், தண்ணீர் பாட்டிலோடு 12 கிலோ உள்ள சைக்கிளில், 300 மீட்டர் உயரத்தை 25 நிமிடத்தில் ஏறுகிறார் என்று வையுங்கள். மொத்தம் 74 கிலோ, 9.81-ஆல் பெருக்கி, 300-ஆல் பெருக்கி, 1500 நொடியால் வகுத்தால் 145 வாட். டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் பதினைந்து இருபது சேர்த்தால் 160-க்குச் சற்று மேல். மாதம் ஒரு முறை அதே பாதையில், அதே காலை வேளையில் ஏறி நேரத்தைக் குறித்துவந்தால் போதும். காற்று பலமாக வீசிய நாளை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.