சாலிஸ்பரி பேராலயத்துக்கு ஒரு வாரயிறுதி: முழுமையான வழிகாட்டி

ஏன் சாலிஸ்பரி?

இங்கிலாந்துப் பேராலயங்களில் முதலில் எதைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சாலிஸ்பரியைத்தான் சொல்வேன். 1220-ல் அடிக்கல் நாட்டி, 1258-ல் அர்ச்சித்துவிட்டார்கள். பல பேராலயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்தவை, பாணிகள் கலந்திருக்கும். இங்கே பெரும்பகுதி ஒரே தலைமுறையின் வேலை. பேராலயம், ஆறு, புல்வெளி எல்லாமே ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். கார் வேண்டாம்.

எப்படிப் போவது?

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம். நாள் உறுதியானதும் டிக்கெட் எடுத்துவிடுவோம். முன்பதிவுக் கட்டணம் குறைவு. இருவராகப் போனால் ‘டூ டுகெதர்’ ரயில்கார்டில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்பு நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். திரும்பும் ரயிலை முதலிலேயே சரிபார்த்துவிடுவது நல்லது.

சனிக்கிழமை: பேராலயம்

ஞாயிறு காலை வழிபாடுகள் நடக்கும் என்பதால் பேராலயத்தைச் சனிக்கிழமையே பார்த்துவிடுவோம். உள்ளே போனதும் நேராக நடுவில், கூர்கோபுரத்துக்கு நேர் கீழே போய் நிற்போம். 123 மீட்டர்; பிரிட்டனிலேயே உயரமான பேராலயக் கோபுரம் இதுதான். கட்டடம் முடிந்த பிறகு சேர்த்தது. சுமார் 6,500 டன் கூடுதல் எடை. அந்தச் சுமையில் நான்கு பெரிய தூண்களும் வளைந்திருக்கின்றன. தூணை ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்தால் வளைவு கண்ணுக்கே தெரியும். கோபுரமும் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்திருக்கிறது. 1668-ல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் வந்து ஆய்வு செய்தார். இத்தனைக்கும் அஸ்திவாரம் ஏறக்குறைய நாலடி ஆழம்தான், அதுவும் ஈரமான சரளைக் கல்மேல். அவசரப்படாமல் இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அடுத்து, 1386-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் இரும்புக் கடிகாரம். முகப்பே கிடையாது, மணி அடிப்பது மட்டும்தான் அதன் வேலை. பிறகு ‘சாப்டர் ஹவுஸ்’ எனும் கூட்ட மண்டபம். மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்த 1215-ன் மேக்னா கார்ட்டா சாசனத்தில் எஞ்சியிருக்கும் நான்கு மூலப்படிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. மங்கலான வெளிச்சம், பொடி எழுத்து. கண் பழகும்வரை பொறுத்திருந்து பாருங்கள்.

மதியம் பேராலயத்தின் சிற்றுண்டிச் சாலையில் சாப்பிடலாம். கூரை கண்ணாடி என்பதால் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். செவ்வாய், சனிகளில் ஊர்ச் சந்தையும் உண்டு.

மாலையில் ‘ஈவன்சாங்’ எனும் பாட்டு வழிபாடு இருந்தால் தவறவிடாதீர்கள். கட்டணம் இல்லை, எந்த மதத்தவரும் உட்காரலாம். சிறுமியருக்கென்று தனிப் பாடகர் குழுவை 1991-ல் தொடங்கி வழிகாட்டிய பேராலயம் இது. கால் மணி முன்பே போய்விடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை: புல்வெளியும் பழைய ஊரும்

காலையில் ‘டவுன் பாத்’ நடைபாதை வழியே ஹார்ன்ஹாம் நீர்ப்புல்வெளிக்கு. ஓவியர் கான்ஸ்டபிள் இந்தப் புல்வெளிப் பக்கமிருந்து பேராலயத்தை வரைந்த படம் 1831-ல் காட்சிக்கு வந்தது.

பிறகு ஏவன் ஆற்றோரமாக வடக்கே ஓல்ட் சாரம் மேட்டுக்கு நடப்போம். சுமார் மூன்று கிலோமீட்டர். பேராலயம் முதலில் இருந்தது இங்கேதான். தரையோடு தரையாக அதன் அஸ்திவாரக் கோடுகள் கிடக்கின்றன. அதைப் பார்க்கக் கட்டணமில்லை. உள்கோட்டைக்கு மட்டும் டிக்கெட்.

எவ்வளவு ஆகும்?

தோராயமாக ஒருவருக்கு ரயில் 30 முதல் 55 பவுண்டு, பேராலய நுழைவு 10 முதல் 15 பவுண்டு. இருவர் தங்கும் சாதாரண அறை இரவுக்கு 80 முதல் 130. கோபுரம் ஏறுவதற்குத் தனிக் கட்டணம், முன்பதிவும் வேண்டும்.

கவனம்!

கோபுரப் பயணம் 332 படிகள், குறுகலான சுழற்படிகளும் உண்டு. முட்டி வலி இருப்பவர்கள் தவிர்ப்பதே நல்லது. மழைக்காலத்தில் புல்வெளியில் வெள்ளம் ஏறும். நீர் புகாத காலணி அவசியம். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். ஞாயிறு மதியச் சாப்பாட்டைப் பல பப்கள் மூன்று மணிவாக்கில் நிறுத்திவிடும். முன்கூட்டியே மேசை சொல்லிவையுங்கள்.

ஸ்டோன்ஹெஞ்ச்?

பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்கு ரயில் நிலையத்திலிருந்தே சுற்றுலாப் பேருந்து இருக்கிறது. ஆனால் போய்வர அரைநாள் ஆகும், டிக்கெட்டும் விலை அதிகம். இந்தப் பயணத்தில் அதைச் சேர்த்தால் ஓல்ட் சாரத்தை விட வேண்டியிருக்கும். திங்கட்கிழமையும் விடுமுறை கிடைத்தால் மட்டும் போவோம்.