ஒரு டோம் இல்லைங்க, மூணு!

லண்டன்ல செயின்ட் பால்ஸ் கதீட்ரல் பார்க்கப் போறவங்க பெரும்பாலும் வெளியே நின்னு ஒரு போட்டோ எடுப்பாங்க, உள்ளே போய் அண்ணாந்து பார்ப்பாங்க, கிளம்பிடுவாங்க. இன்ஜினியரிங் படிக்கிற நீங்க அங்கே இன்னொரு கேள்வியும் கேட்கணும்: வெளியே பார்த்த டோமும் உள்ளே பார்த்த டோமும் ஒண்ணுதானா?

இல்லை.

1666-ல் லண்டனை எரித்த பெரும் தீயில் பழைய கதீட்ரலும் நாசமானது. புதுசு கட்டும் பொறுப்பு கிறிஸ்டோபர் ரென்னிடம் வந்தது. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் வானியல் பேராசிரியராக இருந்தவர். 1675-ல் தொடங்கிய வேலை முடிய சுமார் 35 வருஷம் ஆனது.

அவருக்கு இருந்த சிக்கல் இதுதான். ஊர் முழுக்கத் தெரியணும்னா டோம் ரொம்ப உயரமா இருக்கணும். உச்சியில் இருக்கும் சிலுவை வரை மொத்த உயரம் 111 மீட்டர். ஆனா அதே உயரத்தை உள்ளேயும் விட்டா, கீழே நிற்கிறவங்களுக்குக் கிணத்துக்குள்ள இருந்து மேலே பார்க்கிற மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு உச்சியில் சுமார் 850 டன் எடையுள்ள கல் மாடம் வேற. ரென் மூணு அடுக்கா பிரிச்சார்.

1. உள் டோம்: செங்கல். ஓவியங்களோட நாம் உள்ளேயிருந்து பார்ப்பது இதைத்தான்.
2. நடுவில் ஒரு செங்கல் கூம்பு. கனம் சுமார் 46 செ.மீ. தான். உச்சி மாடத்தின் லோடு முழுக்க இது மேலதான்.
3. வெளி டோம்: மரச்சட்டம், மேலே ஈயத் தகடு. ஊருக்குத் தெரிவது இது.

ஏன் கூம்பு? ஒரு சங்கிலியை ரெண்டு முனையிலும் பிடிச்சுத் தொங்க விடுங்க. அதில் இருப்பது வெறும் டென்ஷன். அந்த வடிவத்தை அப்படியே தலைகீழா திருப்பினா, எல்லாம் கம்ப்ரெஷன். செங்கல் கம்ப்ரெஷனை நல்லா தாங்கும், டென்ஷனைத் தாங்காது. இதைச் சொன்னவர் ராபர்ட் ஹூக். ஆமா, நம்ம ஹூக் விதி ஹூக்தான்! ரென்னோட நண்பர். சங்கிலியோட நடுவில் ஒரு கனமான எடையைக் கட்டினா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட நேராகிடும். உச்சியில் 850 டன் இருந்தா வடிவம் ஏன் கூம்பு மாதிரி ஆகுதுன்னு இப்போ புரியும்.

ஆனா கூம்போட அடிப்பகுதி வெளிப்பக்கமா விரியப் பார்க்கும். அதைப் பிடிக்க அடியில் சுத்தி இரும்புச் சங்கிலி போட்டிருக்காங்க. எஸ்.ஓ.எம். பேப்பர்ல வர்ற ஹூப் டென்ஷன் இதேதான்.

உள் டோமுக்குக் கீழே, 257 படி ஏறினா விஸ்பரிங் கேலரி. சுவரை ஒட்டி மெதுவா பேசினா எதிர்ப்பக்கம் கேட்கும். ஒலி வளைந்த சுவரை ஒட்டியே நகர்வதால் இப்படி ஆகுதுன்னு ரேலி விளக்கினார். 1921-ல் இங்கிலாந்து போன நம்ம சி.வி.ராமனும் இதே கேலரியில் இதை ஆராய்ந்தார். போவதற்கு முன்னாடி கேலரி திறந்திருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

பேர் வாங்குவது வெளி டோம், ஓவியம் உள் டோம்ல, 850 டன் தாங்குவது யார் கண்ணுக்கும் படாத கூம்பு. எந்தக் கட்டிடத்தைப் பார்த்தாலும் "லோடு எந்த வழியா தரைக்கு இறங்குது?"ன்னு கேளுங்க. இன்னைக்கே ஒரு செயினைத் தொங்கவிட்டு நடுவில் ஒரு பூட்டை மாட்டி, போட்டோ எடுத்துத் தலைகீழா திருப்பிப் பாருங்க. ரென்னோட கூம்பு தெரியும்.