அப்பாவின் பேச்சு பயமுறுத்துகிறது

கேள்வி: அம்மா தவறி ஆறு மாதம் ஆகிறது. ஊரில் தனியாக இருக்கும் 74 வயது அப்பா, ‘இனி இருந்து என்ன?’ என்கிறார். வயசானவர் புலம்பல் என்று விட்டுவிடலாமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: விடாதீர்கள். உலகின் பெரும்பாலான பகுதிகளில் தற்கொலை விகிதம் 70 வயதைத் தாண்டியவர்களிடம்தான் அதிகம், அவர்களிலும் ஆண்களிடம். மனைவியை இழந்த முதல் வருடம் இன்னும் கவனம் தேவை. நம் வீடுகளில் அப்பாவுக்கும் உறவுகளுக்கும் நடுவே பாலமாக இருந்தவர் அம்மாதானே! தனிமையோடு தீராத வலி, காது மந்தம், கைச்செலவுக்குப் பிள்ளைகளை எதிர்பார்க்கும் கூச்சம் சேர்ந்தால் பாரம் கூடும்.

காசு சின்ன விஷயமல்ல. தென்கொரியாவில் தேசிய ஓய்வூதியம் 1988இல்தான் வந்தது. அதற்குள் உழைத்து ஓய்ந்த பலருக்கு அது எட்டவில்லை. முதியோர் வறுமையும் தற்கொலையும் அங்கே நெடுநாள் உச்சத்தில் இருந்தன.

‘சாகணும்னு தோணுதாப்பா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனச்சோர்வு எந்த வயதிலும் குணமாகும். பூச்சிமருந்து வீட்டில் வேண்டாம். உடனே பேச 14416, 104 எண்கள் உண்டு, முதியோருக்கென்றே 14567.